செம்பூருக்குப் போன ஒன்பது சுற்று முறுக்கு

காலை ஏழரை மணி. மும்பை தாராவியிலிருந்து ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனுக்கு மதினியும் நானும் தூறலில் நடந்தோம். நான் கோவில்பட்டியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. மதினி பேச்சியம்மாள் கல்யாணச் சீருக்குக் கை முறுக்கு சுற்றுகிறவர். செம்பூரில் ஒரு பாலக்காட்டு வீட்டில் நூற்றியொன்று கேட்டிருந்தார்கள். நேற்று போனில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாதிரிக்கு ஒன்பது சுற்று முறுக்கு ஒன்றை டப்பாவில் வைத்துக்கொண்டு மதினி நேரில் பேசக் கிளம்பினார்.

"வேண்டாங்கிறது இது மூணாவது வீடு தம்பி. இதுவும் போச்சுன்னா அடுப்ப அணைச்சிட்டுப் பாத்திரம் தேய்க்கத்தான் போவணும்."

வழியில் அரசாங்கப் பலகை ஒன்று நின்றது. பலகாரப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் அதில் எத்தனை கரண்டி எண்ணெய் என்ற எச்சரிக்கை. மதினி அதைப் பார்க்காமல் நடந்தார்.

டிக்கெட் ஐந்து ரூபாய். சுன்னாபட்டி, குர்லா, திலக் நகர் என்று நனைந்த சுவர்கள் மிதந்து போயின. டப்பாவிலிருந்து சீரக வாசனை வந்தது. எதிரே தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

எட்டேகால். செம்பூர் மாமி கதவைத் திறந்தார். பின்னால் மாமா நாற்காலியில் இருந்தார். மதினி டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார்.

"நான் என்னடி பண்ணுவேன் பேச்சி? சம்பந்தியாத்துல அந்த போர்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா!"

"முறுக்கு இல்லாம சீர்த்தட்டா மாமி?"

"அப்போ நாலு சுத்தாப் பண்ணேன். எண்ணெய் பாதியாயிடும்."

"சுபகாரியத்துக்கு ரெட்டைப்படையா? என் கை சுத்தாது. ஏழு."

"மூணு."

நான் வாசலோரம் குடையைப் போல நின்றேன். 'மொறுக்' என்று சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். மாமா வெளிச்சுற்றிலிருந்து ஒடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"சுகர், பிரஷர் எல்லாம் வச்சுண்டு!" என்று மாமி கத்தினார்.

"அஞ்சு சுத்துதான்டி. பாக்கி அப்படியே இருக்கு."

மாமி டப்பாவைப் பார்த்தார். நான்கு சுற்று இருந்தது. "கல்யாணாத்துல நாலா மிச்சம் வைக்கறது?" என்று ஒரு சுற்றை ஒடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மெல்லும்போது முகம் மாறியது.

"சரி. அஞ்சாப் பண்ணு. நூத்தியொண்ணு."

பத்து மணி ரயிலில் மதினிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. "இருபது வருசமா ஒம்பதுலதான் கை நிக்கும்" என்றார். சேலை முந்தியை விரலில் முறுக்கிச் சுற்றினார், ஐந்தில் நிறுத்தினார், பிரித்து மறுபடி தொடங்கினார். எங்கள் ஊரில் முறுக்கு அச்சில் பிழிவது. சுற்றை யாரும் எண்ணுவதில்லை. இங்கே நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.

குர்லா தாண்டியதும் ஒருமுறை ஆறாகிவிட்டது. மதினி சட்டென்று என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்ப்பவன்போலத் திரும்பிக்கொண்டேன்.