கத்தாத கூர்க்கா

வத்தல்மலைத் தீர்த்தனிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. அந்த ஒரு கதையே அவன் குடியைக் கெடுத்தது.

நாற்பத்து மூன்றில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் தர்மபுரிச் சந்தையில் மூன்று வேளையும் சோறு என்றார்கள். அதைக் கேட்டுச் சாலை போடும் படையில் சேர்ந்தான். மறுவருடம் பர்மா எல்லையில் குண்டு விழுந்து இடது கால் முறிந்தது. கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். சேற்றில் கிடந்தவனைத் தூக்கியவன் தன்பகதூர் என்ற கூர்க்கா சிப்பாய். ஆள் என்னவோ தீர்த்தனின் தோள் உயரம்தான். பாரம் சுமக்கும் தோல்வாரை நெற்றியில் மாட்டி, அதில் இவனை முதுகோடு சேர்த்துக் கட்டி, வழுக்குகிற மலையில் நான்கு மைல் ஏறினான். தீர்த்தன் வழி நெடுக அலறினான். கூர்க்கா மூச்சுவிடவில்லை. மருத்துவக் கூடாரத்தில் இறக்கிய பிறகுதான் பார்த்தார்கள், அவனுக்கும் வயிற்றில் குண்டுச்சில் பாய்ந்திருந்தது. அன்று சாயங்காலமே செத்துப்போனான்.

ஊர் திரும்பிய தீர்த்தன் அந்த வாரைச் சுவரில் மாட்டினான். புதுச்சாமை வந்தால் முதல் பிடி அதற்குத்தான். யாராவது தலைவலி என்று சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வான்.

"வயித்துல இரும்பை வெச்சுக்கிட்டு வாயத் தொறக்கலியே அவன்! அவனல்லவா மனுசன்!"

அவன் மனைவி சின்னக்கண்ணு இதை நூறு தடவை கேட்டிருப்பாள். தன் புருஷனை உயிரோடு அனுப்பிவைத்த கூர்க்கா அவளுக்குக் குலசாமி மாதிரி.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் முனகல் கேட்டால் யாரும் கூப்பிடக் காத்திருப்பதில்லை. எட்டு ஆண்கள் மூங்கிலும் கம்பளியுமாக வந்து நிற்பார்கள். தூளி கட்டி, தோள் மாற்றி மாற்றிச் சுமந்து, நோயாளியைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

நாற்பத்தேழு மார்கழி, சாமை அறுப்பு. சின்னக்கண்ணுவுக்கு வலது அடிவயிற்றில் வலி. இரண்டு நாள் வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அறுத்தாள். முகம் வாடியிருக்கிறதே என்று தீர்த்தன் கேட்டதற்கு, வெயில்தான் என்றாள். சண்டாளி, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா! மூன்றாம் நாள் காலை மற்ற ஆண்களெல்லாம் சந்தைக்கு இறங்கிப் போனபின், களத்தில் சுருண்டு விழுந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. தூளி தூக்க ஆளில்லை.

தீர்த்தன் சுவரிலிருந்த வாரை எடுத்தான். நெற்றியில் மாட்டி, அவளை முதுகில் கட்டிக்கொண்டு, கோணல் காலோடு இறங்கினான். பாதி மலையில் வலிக்கிறதா என்று கேட்டான். காதோரம் மெல்லப் பதில் வந்தது.

"கூர்க்காரு மாதிரி பொறுத்துக்கறேனுங்க."

அப்போதும் அந்தப் பாவிக்குப் பெருமைதான் வந்தது. அதற்குப்பின் அவள் முனகவே இல்லை. அப்படித்தான், அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே அடிவாரம் வரை நடந்தான். புளியமரத்தடியில் இறக்கியபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

சந்தைக்குப் போனவர்கள் வெறுங்கூடையோடு திரும்பி வந்தார்கள். எட்டுப் பேர். பக்கத்து வீட்டு மல்லையன் கூடையைக் கீழே போட்டான்.

"நேத்து பூரா நாங்க வூட்டுலதானே இருந்தோம். ஒரு சத்தம் கேட்டிருந்தா தூக்கிட்டு வந்திருப்போமே அண்ணா."

அந்தப் பர்மா மலையில் தன்பகதூர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பாரத்தை இறக்கியிருந்தால், அவனும் பிழைத்திருப்பான். மூன்று வருடமாகக் கதை சொன்னவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது. சின்னக்கண்ணுவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான்.

"கத்து புள்ளே. ஒரே ஒரு தரம் கத்து."

கேட்டு ஓடிவர வேண்டிய எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள்.