புதன்கிழமை திருப்பித் தர வேண்டிய புத்தகம்

அன்று புதன்கிழமை. பள்ளியிலிருந்து நாலரை மணிக்கு வந்து, புத்தகத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை ஆகியும் கோதண்டம் அண்ணனின் சைக்கிள் வரவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எதிர்வீட்டு உப்பு லாரி டிரைவர், "டீச்சர், லைப்ரரிக்காரரு போயிட்டாருங்க" என்றார். "எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். அவர் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டதும்தான் புரிந்தது. மதியம் நூலகத்திலேயே நெஞ்சுவலி வந்திருக்கிறது. திண்டிவனம் கொண்டுபோகும் வழியில், பெருமுக்கல் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மரக்காணத்திலும் சுற்றுக் குப்பங்களிலும் அவரிடம் புத்தகம் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஒரு வரி எழுதியதும் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன். கணக்கு டீச்சருக்கு இது தேவையா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

சுனாமியில் என் தம்பி போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனவன். கருமாதி வரை வீடு கொள்ளாத கூட்டம். அது முடிந்ததும் நானும் தாய்மாமாவும்தான் மிச்சம். அந்த வாரப் புதன்கிழமை கோதண்டம் அண்ணன் வந்தார். நிவாரணத் துணிமணிகளோடு வந்திறங்கிய புத்தகங்களில் ஒன்றை நீட்டினார். துக்கத்திலிருந்து மீள வழி சொல்லும் புத்தகம், அட்டையில் ஓர் அகல்விளக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொல்ற புத்தகம் எனக்கு எதுக்குண்ணா?"

"படிக்க வேணாம் டீச்சர். சும்மா வச்சிருங்க. அடுத்த புதன்கிழமை வாங்கிக்க வர்றேன்."

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வர்றேன்' என்று யாரும் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்பா, எழவு வீட்ல வர்றேன்னு சொல்றியே, இன்னொரு சாவு கேக்குதா உனக்கு?" என்றார். "புத்தகம் குடுத்திருக்கேனே, வராம எப்படிங்க?" என்று சொல்லிவிட்டு அண்ணன் சைக்கிளை எடுத்தார்.

சொன்னபடி வந்தார். "படிச்சீங்களா?" என்றார். "இன்னும் படிக்கல" என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் அடுத்த புதன்கிழமையின் தேதியை எழுதிக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் இதுவே நடந்தது. தாள் நிரம்பினால் புதுத் தாள் ஒட்டுவார். டீ குடிப்பார். எந்த உப்புப் பாத்தியில் இன்னும் சேறு அள்ளவில்லை, யார் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். சில நாள் ஒன்றுமே பேசமாட்டார்.

எக்கியார்குப்பத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு மீனவருக்கு அவர் தென்னை வளர்ப்புப் புத்தகம் கொடுத்திருந்தது எனக்குத் தெரியவந்தது. அந்த மனிதருக்கு ஒரு தென்னை கிடையாது, எழுத்தும் தெரியாது. "இதுல என்னண்ணா ஆறுதல்?" என்று சண்டைக்கே போனேன்.

"புத்தகம் ஒண்ணும் ஆறுதல் சொல்லாது டீச்சர். சும்மான்னா ஒரு வீட்டுக்கு ரெண்டு வாட்டிதான் போக முடியும். புத்தகத்தைக் கேட்டுக்கினு எத்தினி வாட்டி வேணும்னாலும் போகலாம்" என்றார்.

நூலகத்தில் பாதி அலமாரி காலி என்று மேலதிகாரி அவரைக் கண்டித்ததும் இதனால்தான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒரு புதன்கிழமை அவரிடம் சொன்னேன். தம்பி அன்று தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, "வஞ்சிரம் வந்திருக்கா பாரு, போடா" என்று அனுப்பியது நான். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமைன்னா எல்லா வூட்லயும் யாரையாவது மீனுக்கு அனுப்புவோம் டீச்சர்" என்றார். புத்தகத்தை வாங்கித் தேதி எழுதினார். அன்று இரவு ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

அவர் உடல் கிடந்த வீட்டு வாசலில் அந்த மீனவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய தென்னைப் புத்தகத்தோடு நின்றிருந்தார். "இத இனிமே யார் கையிலங்க குடுக்கறது?" என்று என்னைக் கேட்டார். என் புத்தகத்தைக் கேட்டும் இனி யாரும் வரப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே அழுதேன்.

கருமாதி முடிந்த புதன்கிழமை, விளக்குப் படம் போட்ட அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மல்லிகா அக்கா தனியாக இருந்தார். கணவரின் கையெழுத்தில் பென்சில் தேதிகள் வரிசையாக இருந்த கடைசிப் பக்கத்தை அக்கா தடவிப் பார்த்தார். "படிக்க எனக்கு மனசில்ல டீச்சர்" என்றார்.

"படிக்க வேணாம்க்கா. வச்சிருங்க. அடுத்த புதன்கிழமை வாங்கிக்க வர்றேன்."

வாய் கூசத்தான் செய்தது. அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்.

அடுத்த புதன்கிழமை போனேன். அக்கா டீ போட்டு வைத்திருந்தார். "இன்னும் படிக்கல" என்றார். நான் பென்சிலை எடுத்தேன்.