தாழ்ந்த வண்டியில் மாதா

போன டிசம்பரில் தேர்பவனி ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது குவாதலூப்பே மாதாவின் சுரூபம் முன்பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் நடந்து வந்த இரண்டு பேர் பாய்ந்து பிடித்ததால் கீழே விழவில்லை. ஆனால் சுரூபத்தைச் சுற்றியிருந்த தங்க நிறக் கதிர்களில் சில உடைந்து, பூக்களோடு சேர்ந்து சாலையில் சிதறின. பாட்டு நின்றது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தேராக வந்த பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் நொயேமி பர்ராகான் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

எங்கள் ஊரான மெஸ்கிட்டலில் நொயேமியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆரஞ்சு கட்டும் ஆலையில் பழங்களை நகர்த்தும் பட்டைகளையும் உருளைகளையும் பழுது பார்ப்பவர். நாற்பத்தெட்டு வயது. பேச்சில் வேகம் உண்டு, நடையில் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அவருடைய ஷெவி பிக்கப், ஊரிலேயே மிகத் தாழ்ந்த வண்டிகளில் ஒன்று. நிறுத்தி வைத்திருக்கும்போது அதன் அடியில் பூனை நுழைவதற்கே யோசிக்கும். மாதாவைச் சுமக்க ஆண்டுதோறும் அந்த வண்டியைத்தான் கேட்பார்கள். பின்தட்டு அவ்வளவு தாழ்வாக இருப்பதால் தெருவோரம் நிற்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்கூட, கையை நீட்டி மாதாவின் மேலங்கியைத் தொட முடியும்.

அக்டோபரில் விழாக் குழு கூடியது. குழுவின் தலைவி எர்லிண்டா; ஊரே மரியாதையாக டோன்யா எர்லிண்டா என்றுதான் அழைக்கும். எழுபதைத் தாண்டியவர். மண்டபத்தில் அவர் தொண்டையைச் செருமினால் நாற்காலிகள் தாமாக நேராகும்.

“இந்த வருஷம் தாச்சோ வண்டியில வைக்கலாம்னு இருக்கோம்,” என்றார்.

தாச்சோ உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய வண்டி புதியது, உயரமானது, நான்கு சக்கரமும் இழுக்கும். கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

நொயேமி எழுந்தார். “அந்த வண்டியில வெச்சா மாதாவை யாரு தொடுவா? ஏணி குடுப்பீங்களா?”

“தொடாட்டி என்ன, பாத்துக் கும்பிடட்டும்,” என்றார் தாச்சோ. “உன் வண்டி மாதிரி என் வண்டி மாதாவுக்குப் பல்டி அடிக்கக் கத்துக்குடுக்காது.”

மண்டபம் சிரித்தது. டோன்யா எர்லிண்டா சிரிக்கவில்லை. “நொயேமி, உன் வண்டியைக் கொஞ்சம் ஏத்திடேன். பிரச்சினை முடிஞ்சுது.”

“ஏத்த மாட்டேன். தாழ்வாவே இருக்கும், குலுங்கவும் குலுங்காது. முன்பக்கம் முழுசையும் மாத்தறேன். எனக்கு ஒரு வாய்ப்பு குடுங்க.”

டோன்யா எர்லிண்டா ஒரு நிபந்தனை போட்டார். அதுதான் பிற்பாடு ஊர் முழுக்கப் பேச்சானது. பஜாரில் சிவப்புச் செம்பருத்திப் பானம் விற்கும் பெரிய கண்ணாடி ஜாடி இருக்கிறதே, அதை விளிம்பு வரை நிரப்பி, மாதா நிற்கும் இடத்தில் வைத்துத் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். “ஒரு கை சிந்தினாப் பரவாயில்லை. ஜாடி பாதியாச்சுன்னா மாதா தாச்சோ வண்டிக்குப் போவா.”

வண்டியின் கோளாறு எங்கே என்று நொயேமிக்குத் தெரியும். அவருக்கு முன் அதை வைத்திருந்தவன் வண்டியைத் தாழ்த்தச் சுலபமான வழியைப் பிடித்திருந்தான். முன்பக்க ஸ்பிரிங்கை கேஸால் வெட்டிக் குட்டையாக்கிவிட்டான். வண்டி தாழ்ந்தது. ஆனால் சக்கரம் மேலேறி இறங்க இடமே இல்லாமல் போனது. சின்ன மேடு வந்தாலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் போய் வண்டியின் சட்டத்தில் இடிக்கும். சுரூபத்தைச் சாய்த்தது அந்த இடிதான்.

நவம்பர் முழுக்க வேலை. சக்கரம் மாட்டும் அச்சு வழக்கத்தைவிட மேலே இருக்கும் புது ஸ்டப் ஆக்சில் வந்தது. அதைப் போட்டால் ஸ்பிரிங்கை வெட்டாமலே வண்டி தாழ்வாக நிற்கும். புது ஸ்பிரிங், குட்டையான ஷாக் அப்சார்பர், மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், அவற்றின் மூட்டுகளில் புது ரப்பர் புஷ். வீட்டு முற்றத்தில் வண்டியைத் தாங்கிகளில் உயர்த்தி, ஆலை விட்டு வந்ததும் படுத்துவிடுவார். அவர் கணவர் எஃப்ரேன் தோப்புகளுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால் காவலர். மதகு திறக்கும் வேலை இல்லாத மாதம் அது. பக்கத்தில் உட்கார்ந்து, சோளமாவு கரைத்த சூடான சாக்லேட்டான சாம்புர்ராதோ குடித்துக்கொண்டே யோசனை சொல்வார்.

“இவ்வளவு நேரம் நீ என் காலைப் பிடிச்சுவிட்டிருந்தா நான் டான்ஸே ஆடியிருப்பேன்.”

“உன் காலுக்கு புஷ் கிடைக்காது. அந்தப் பத்தொன்பது ஸ்பேனரை எடு.”

வண்டியைக் கீழே இறக்கிய அன்று மூக்கு எதிர்பார்த்ததைவிட ஒரு விரல் உயரமாக நின்றது. புது ஸ்பிரிங்தானே, ஓட ஓட இறங்கிவிடும் என்று நொயேமி விட்டுவிட்டார். அந்த வழியாக வந்த தாச்சோ கண்ணாடியை இறக்கினார். “என்னம்மா, ஏத்த மாட்டேன்னு சபதம் போட்டே? ஏத்தியிருக்கே போல!”

“உன் கண்ணை அலைன்மெண்ட் பண்ணு, போ.”

சோதனை ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பிறகு நடந்தது. பனிமூட்டம். தண்டவாளத்தின் இரு பக்கமும் ஆட்கள், கையில் காபி. ஜாடியை நிரப்பி, நடுவில் நிறுத்திக் கயிறு கட்டினார்கள். நொயேமி நடை வேகத்தில் வந்தார். முன் சக்கரம் முதல் தண்டவாளத்தில் ஏறியது. பழைய இடி இல்லை. பதிலாக வண்டி மூக்கை மேலே எத்தியது, குதிரை உதைப்பதுபோல. ஜாடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் எழும்பி வெள்ளைத் தட்டெங்கும் கொட்டியது. இரண்டாவது தண்டவாளத்தில் இன்னொரு எத்து. ஜாடியில் பாதிகூட மிஞ்சவில்லை.

“மாதாவுக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

டோன்யா எர்லிண்டா ஜாடியைப் பார்த்தார், நொயேமியைப் பார்த்தார். “உழைச்சிருக்கே, தெரியுது. ஆனா சொன்னா சொன்னதுதான்.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை,” என்றார் நொயேமி.

“எதுக்கு?”

“எங்கே தப்புன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சப்புறம் நீங்க வேண்டாம்னா சரி.”

டோன்யா எர்லிண்டா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுக்கவில்லை.

தப்பு ஆலையில் பிடிபட்டது. புதன்கிழமை நொயேமி ஒரு பழப் பட்டையின் கால்களுக்குப் புது ரப்பர் தாங்கி போட்டுக்கொண்டிருந்தார். நட்டை இறுக்கப் போன கை தானாக நின்றது. ரப்பர் தாங்கியை வெறும் பட்டையில் யாரும் இறுக்குவதில்லை. பழத்தை ஏற்றி, எடை உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு பட்டையைத் தள்ளும். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். ஆனால் வீட்டில், சக்கரங்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் புஷ் நட்டுகள் அத்தனையையும் முழு பலத்தோடு இறுக்கியிருந்தார். முறுக்கிக்கொண்ட அந்த ரப்பர்தான் மூக்கைத் தூக்கி எத்தியது.

தாழ்ந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வேறு வழி? வண்டி தரையில் நிற்கும்போது அடியில் ஆள் போக முடியாது. அதனால் தூக்கி வைத்தே இறுக்குவார்கள், முரட்டுத்தனமாக ஓடினால் ஷாக்கைத் திட்டுவார்கள்.

மாலையில் எஃப்ரேனிடம் கேட்டார். “வண்டி தன் கால்ல நிக்கணும், நான் அடியில இருக்கணும். எங்கே முடியும்?”

எஃப்ரேன் யோசிக்கவே இல்லை. “வாய்க்கால்ல.”

தோப்பின் தலைமாட்டில் ஓடும் சிமென்ட் வாய்க்கால் குறுகலானது. சக்கரங்கள் இரு கரையிலும் நிற்க, நடுவில் ஆள் உட்காரலாம். டிசம்பரில் காய்ந்துகிடக்கும். சனிக்கிழமை காலை எஃப்ரேன் முன்னால் நடந்து கைகாட்ட, நொயேமி விரல் விரலாக வண்டியை வாய்க்காலின்மேல் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினார்.

“மேலே எவனாவது மதகைத் திறந்துட்டா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“திறக்கறவன் நான்தான். சண்டை போடாம இருந்தா உயிரோட வருவே.”

“நீ ஓட்டற இடத்துல ஏறி உக்காரு. என் எடை வேணும்.” கொஞ்சம் கழித்து, “நீ பத்த மாட்டே. அந்த ஆரஞ்சு மூட்டையையும் மடியில வெச்சுக்கோ.”

முதல் நட்டைத் தளர்த்தியதும் வண்டி முனகியது. இரண்டாவது, மூன்றாவது. கடைசி நட்டு தளர்ந்தபோது மூக்கு மெதுவாக ஒரு விரல் இறங்கி அமர்ந்தது. எஃப்ரேன் மேலேயிருந்து, “ஏய், கீழே இறங்கிடுச்சுடி!” என்று கத்தினார். நொயேமி ஒவ்வொரு நட்டாக மறுபடி இறுக்கினார், இந்த முறை எடை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்போது. மத்தியானமே டவுனுக்குப் போய்ச் சக்கர அலைன்மெண்டையும் சரிபார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறன்று தண்டவாளத்தருகே கூட்டம் குறைவு; ஒரு தடவை பார்த்த வேடிக்கைதானே. தாச்சோ வந்திருந்தார். டோன்யா எர்லிண்டா ஜாடி கொண்டுவரவில்லை. ஒரு மடக்கு நாற்காலியை எஃப்ரேனிடம் கொடுத்து, மாதா நிற்கும் இடத்தில் போடச் சொன்னார். பிறகு தானே பின்தட்டில் கால் வைத்து ஏறினார். ஏணி தேவைப்படவில்லை.

“டோன்யா, விழுந்துடுவீங்க!” என்றார் தாச்சோ.

“விழுந்தா உன் வண்டி. வாயை மூடு.”

வண்டி நகர்ந்தது. முதல் தண்டவாளம், இரண்டாவது தண்டவாளம். முன் சக்கரங்கள் ஏறி இறங்குவது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேலேயிருந்த வண்டி பெரிதாக அசையவில்லை. அக்கரை போனதும் டோன்யா எர்லிண்டா கூரையைக் கைத்தடியால் தட்டினார். “திருப்பு. இன்னொரு தடவை. கொஞ்சம் வேகமா.”

திரும்பி வந்து இறங்கியதும் இடுப்பைத் தடவிக்கொண்டார். “எனக்குத் தெரிஞ்சுது. என் இடுப்புக்கு எல்லாமே தெரியும். மாதா தாங்குவா.” தாச்சோவின் பக்கம் திரும்பினார். “நீ பாட்டுப் பெட்டியை ஏத்திக்கிட்டுப் பின்னால வா.”

“பெட்டியா?” என்றார் தாச்சோ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, “சரி, உயரத்துல இருந்தா நல்லாக் கேக்கும்,” என்றார்.

மாதாவின் திருவிழா நாளான டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மாலை. முன்னால் மாதாவுக்காக ஆடிவரும் மத்தாச்சினெஸ் ஆட்டக்காரர்கள், பின்னால் ஊர். ஒவ்வொரு முனையிலும் தேர் நிற்க வேண்டியதாயிற்று. அத்தனை கைகள் மேலங்கியை நோக்கி நீண்டன. தண்டவாளம் நெருங்கியபோது குழுவினர் சிலர் சுரூபத்தை ஒட்டி நடந்தார்கள், கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு. அவர்களுக்கு வேலை வரவில்லை. வண்டி கடந்தது. பாட்டு எந்த அடியில் இருந்ததோ அதே அடியில் தொடர்ந்தது. திரும்பிப் பார்த்தவர்கள்கூட இல்லை.

நொயேமி கண்ணாடியை இறக்கியிருந்தார். சாலையோரம் நின்ற என்னைக் கண்டதும் தலையை வெளியே நீட்டினார்.

“பின்பக்கம் லேசா தட்டுச்சே, கேட்டுச்சா?”

எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றேன்.

“தட்டுது. ஜனவரியில அதைப் பிரிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, ஆட்டக்காரர்களின் நடைக்கேற்ப வண்டியை உருட்டிக்கொண்டு போனார்.