பின்னட்டையில் ஒரு விலாசம்

போன வெள்ளிக்கிழமை காலை பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்திலிருந்து வந்த பஸ் நின்றதும் நிற்காததுமாகக் கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். செங்கமலம் அக்காவின் நாவலைப் பல வருடங்களாகத் தன் பஸ்ஸில் விற்றுக் கொடுத்தவர் அவர்.

"சரசும்மா, ஒங்க புத்தகக்கார அக்கா போயிட்டாங்க. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். வண்டி கூப்புட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம். இதே பஸ்ஸுதான் திரும்பிப் போவுது, ஏறிக்குங்க."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினைந்து நாளைக்கு முன்புதான் அக்காவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். நான் கத்திக்கொண்டே இருந்தேன், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இப்படியா போவார் ஒரு மனுஷி? கத்திரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு ஏறினேன். விருத்தாசலம் வரும்வரை ஒரு சீட்டில் நிலையாக உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவர். நான் பேக்கிங் கொட்டகையில் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றி, வைக்கோல் திணித்து, பெட்டியில் அடுக்குகிறவள். அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கம்பெனிக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை கொண்ட ஒழுகும் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது. பெட்டி காத்திருக்கிறது, கண் வரையாத பொம்மைகள் அப்படியே நிற்கின்றன. போய்ப் பார்த்தால் அக்கா துண்டுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

"கண்ணு வரையாம என்னா எழுதுறீங்க?" என்று கத்தினேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் வேலை கெடைக்கல சரசு. இன்னிக்கு அவள சூளையில சேத்து வுட்டுட்டேன்னா, நாளைக்கு நிம்மதியா கண்ணு வரைவேன்."

எந்தப் பொண்ணு என்று கேட்டேன். கேட்டதுதான் தப்பு. சாப்பாட்டு மணி முடியும்வரை கதை சொன்னார். அடிக்கிற கணவனை விட்டு ஒருத்தி வெளியே வருகிறாள். சூளையில் வேலைக்குச் சேர்கிறாள். வாடகைக்கு ஓர் அறை பிடிக்கிறாள். பஞ்சாயத்துப் பேசி அவளைத் திரும்ப அழைத்துப் போக ஊரே வந்து வாசலில் நிற்கிறது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உலை வைக்கிறாள். இவ்வளவுதான் நாவல். மறுநாள் முதல் நானே போய், "அப்புறம் என்னா ஆச்சு?" என்று நச்சரிக்க ஆரம்பித்தேன்.

எழுதி முடித்ததும் மெட்ராஸில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசியில் அவள் கணவனோடு சேர்ந்துவிடுவதாக மாற்றித் தந்தால் வெளியிடுகிறோம் என்று பதில் வந்தது. "மாத்திக் குடுத்துடுங்களேன், நாலு வரிதானே" என்றேன் நான்.

"அவ திரும்பிப் போவமாட்டா சரசு. நானே போய்ச் சொன்னாலும் போவமாட்டா."

காதுத் தோட்டை விற்றுத் தாள் வாங்கி, சொந்தமாக அச்சடிக்க இறங்கினார். எங்கள் ஊர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கால்மிதி மிஷின் ஒன்றுதான் இருந்தது. ஒரு தாளில் முன்னும் பின்னுமாக எட்டுப் பக்கம் விழும்; அதை ஃபாரம் என்பார்கள். அதற்கு மேல் கோக்க அங்கே ஈய எழுத்துக் கிடையாது. ஒரு ஃபாரம் அடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைத்துத்தான் அடுத்ததைக் கோக்க வேண்டும். நடுவில் முகூர்த்தம் வந்தால் அக்காவின் நாவல் ஒதுங்கி நிற்கும். வேறு யாராவதாக இருந்தால் விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். இவர் வேலை விட்டதும் நேரே அச்சகத்துக்குப் போய் நிற்பார். "வந்துட்டியாம்மா?" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார்.

வீடு ஒழுகுகிறது என்று அச்சான தாள்களை என் கொட்டகை மூலையில் அடுக்கி வைத்தோம். மை மங்கலாக விழுந்த தாள்களை மட்டும் தனிக் கட்டாகக் கட்டி, பொம்மை சுற்ற எனக்குக் கொடுத்துவிடுவார். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போனது.

நவராத்திரிக்கு முந்தைய வாரம். கொலு பொம்மைகளுக்கு ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. அக்கா காய்ச்சலில் லீவு. பழைய பேப்பர் தீர்ந்துவிட்டது, லாரிக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. மூலையிலிருந்த ஒரு கட்டை நானே அவிழ்த்து மளமளவென்று சுற்றித் தள்ளினேன். மங்கல் கட்டு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வரி படித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு எங்கே பொறுமை? அது கடைசி ஃபாரம். நாவலின் முடிவு.

கையெழுத்துப் பிரதி இருக்கிறதே என்று அச்சகத்துக்கு ஓடினேன். கோத்து முடித்த கையெழுத்துத் தாள்களால் மை துடைத்துவிட்டார்கள். எழுத்தையும் கலைத்தாயிற்று. அங்கேயே நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போய்ப் போட்டு உடைத்தேன்.

"எந்த ஊருக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"பத்து ஊருக்குப் போவுதுக்கா."

"சரி, பத்து ஊர்ல படிப்பாங்க" என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நல்லவர்தான், ஆனால் கல் இல்லை.

முடிவைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். வரவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். அச்சக முதலாளி, "முடிவு இல்லாமலே வுட்டுடுங்கம்மா, இப்ப அதான் பேஷனு" என்று யோசனை சொன்னார். அக்கா பார்த்த பார்வையில் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவராத்திரி முடிந்த கையோடு ஒரு தபால் வந்தது. உள்ளே என் கையால் கசங்கிய அந்தக் கடைசி ஃபாரம் ஒன்று, இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு கடிதம். அதை நான் இத்தனை தடவை படித்துவிட்டதால் பார்க்காமலே எழுதுகிறேன்.

"அம்மா அவர்களுக்கு, எங்கள் கொலுவுக்கு வாங்கிய பொம்மையில் இந்தத் தாள் சுற்றியிருந்தது. கடைசியில் உங்கள் விலாசம் இருந்ததால் எழுதுகிறேன். மூன்று மாதமாக நான் பிறந்த வீட்டில் இருக்கிறேன். இதை ஏழெட்டு முறை படித்தேன். உங்கள் கதைப் பெண் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்திக்கொள்ள அவளுக்கு ஓர் அறை இருந்தது. எனக்கு இல்லை. நாளை நான் திரும்பிப் போகிறேன். அந்த வீட்டில் இதை வைத்திருக்க முடியாது என்பதால் அனுப்பிவிட்டேன்."

பெயர் இல்லை. அனுப்பியவர் விலாசமும் இல்லை. தபால் முத்திரை மை அப்பிக் கிடந்தது.

முடிவு கிடைத்துவிட்டதே என்று நான் குதித்தேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அன்று அவர் வரைந்த பொம்மைகள் எல்லாம் எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டு நின்றன, அத்தனையையும் கழித்துவிட்டார்கள். தபால் உறையை ஜன்னல் பக்கம் பிடித்து முத்திரையைப் படிக்கப் பார்ப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். "எந்த ஊருன்னு தெரிஞ்சா இன்னிக்கே ரயில் ஏறிடுவேன் சரசு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் மறுபடி அச்சடித்தார். ஆனால் பின்னட்டையின் உட்பக்கத்தில் அந்தக் கடிதத்தை அப்படியே போட்டார். அதன் கீழே தன் வீட்டு விலாசம். விலாசத்துக்குக் கீழே ஒரே வரி: "இங்கே ஓர் அறை இருக்கிறது."

அச்சகத்திலேயே நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "யாராச்சும் தன் புத்தகத்தத் தானே தப்புன்னு போட்டுக்குவாங்களா? அந்தக் கடுதாசியத் தூக்குங்க!"

"போலீஸ் கீலீஸ் வந்தா நான்தாம்மா மாட்டுவேன்" என்று முதலாளியும் என்னோடு சேர்ந்துகொண்டார்.

"அவ சொல்றதும் நெசந்தான? இவ்ளோ நாள் நான் பேசிட்டேன். அவளுக்கும் ஒரு பக்கம் குடுத்தா என்னா கொறஞ்சிடும்?" என்றார் அக்கா. மெட்ராஸ் பதிப்பகம் எதுவும் அந்தப் பக்கத்தை விட்டிருக்காது.

அச்சடித்தாகிவிட்டது, யார் விற்பது? கடைக்காரர்கள் பதிப்பகத்தின் பெயரைக் கேட்டார்கள். அக்கா தன் பெயரைச் சொன்னதும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் கோயில் வாசலில் போய் நின்றோம். ஒரு பெரியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடும்பத்தக் கெடுக்கிற புத்தகம்" என்று கையை உதறினார். நான் பாய்வதற்குள் அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டார். மழை பெய்தால் புத்தகத்தைச் சேலைக்குள் வைத்துக்கொள்வோம். பிறகுதான் கண்டக்டர் கிடைத்தார். பஸ்ஸில் பெண்கள் வாங்கிப் பார்ப்பார்கள், முதலில் பின்னட்டையைத்தான் பார்ப்பார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் பைக்குள் செருகிக்கொள்வார்கள் என்று அவர் வந்து சொல்வார். அன்றைக்கெல்லாம் அக்காவுக்குக் கால் தரையில் பாவாது.

அறை இருக்கிறது என்று போட்டாரே தவிர, அந்த இரண்டாவது அறை முழுக்க விற்காத புத்தகக் கட்டுகள். முதல் பெண் ஒரு மத்தியானம் கையில் குழந்தையோடு வந்து நின்றபோது, கட்டுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பாய் விரித்துத்தான் படுக்க இடம் செய்தோம். "கடுதாசி போட்டது நீங்களாம்மா?" என்று அக்கா கேட்டார். இல்லை என்றாள். அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் அதையே கேட்டார். சிலர் பத்து நாள் இருந்தார்கள், சிலர் ஒரு வருடம். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். போகிறவளை அக்கா ஒரு வார்த்தை தடுத்ததில்லை. பஸ் ஏற்றிவிட்டுத்தான் வருவார். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். நேரில் வந்து பேச ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

இடையில் எனக்குக் கல்யாணமாகி, கணவருக்கு ஆலையில் வேலை என்பதால் பெண்ணாடத்துக்கு வந்துவிட்டேன். போகும்போதெல்லாம் பார்ப்பேன். அக்கா மெலிந்துகொண்டே வந்தார். இரண்டாவது நாவல் நாற்பது பக்கத்தோடு நின்றுபோயிருந்தது. கடைசிச் சண்டை அதற்காகத்தான். "ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டே ஒங்க எழுத்து போச்சு! அறையக் காலி பண்ணுங்க, ஒக்காந்து எழுதுங்க!" என்று கத்தினேன்.

வெங்காயத்தை வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தார். "எழுதுனது ஒன்னு. அதுவே இன்னும் முடியல, பாரு" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி வந்திருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கூட்டம் இருந்தது. அறையில் தங்கிப் போன பெண்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். தெரியாத முகங்கள் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தேன். கடிதம் எழுதியவள் வந்திருப்பாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. யாரையென்று கேட்பது? அக்காவைத் தூக்கும்போதுதான் எனக்கு அழுகை பீறிட்டது. அழுதேன், வாய்விட்டு அழுதேன்.

வீட்டுச் சொந்தக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பதினாறு முடிஞ்சதும் வேற ஆளுக்கு வுடணும்மா. தப்பா நெனைக்காதீங்க." தப்பு ஒன்றுமில்லை, அவர் வீடு. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா போனது புத்தகங்களுக்குத் தெரியாதே. எத்தனை வீட்டில், எந்த அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்களோ! என்றைக்கோ ஒருத்தி அந்தப் பக்கத்தை நம்பிப் பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றால்?

கணவரிடம் சொன்னேன். "வர்றவங்க வரட்டும். நீ மட்டும் அவங்ககிட்ட கத்தாம இரு" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடமோ, தெரிந்தவர்களிடமோ அந்தப் புத்தகம் இருந்தால், பின்னட்டையின் உட்பக்கத்தில் இருக்கும் விலாசத்தை அடித்துவிடுங்கள். பெண்ணாடம் பஸ் ஸ்டாண்ட், ஆலையில் வேலை பார்ப்பவர் மனைவி சரசு என்று எழுதிக்கொள்ளுங்கள். கத்திரிக்காய் விற்கிறவர்கூட வழி காட்டுவார். அதற்குக் கீழே உள்ள வரியை யாரும் தொட வேண்டாம்.

அக்கா, போயிட்டு வாங்க. பின்கட்டு அறையில நெல்லு மூட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டேன். கூட்டி மொழுகிப் பாய் போட்டிருக்கேன்.