லாரி முகப்பில் எழுதிய பேர்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டுக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். துறைமுகத்தில் நான் ஓட்டுகிற டிரெய்லரை டிரைவர்களுக்கே தவணையில் கொடுக்கப் போவதாகக் கம்பெனியில் பேச்சு இருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன், அவ்வளவுதான். வாங்குவதா வேண்டாமா என்று நானே இன்னும் முடிவு பண்ணவில்லை. அதற்குள் வண்டி முகப்பில் யார் பேர் முதலில் வருவது என்று ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டீர்கள். எனக்குக் கோபமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று வாயால் சொல்லத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், டீச்சரிடம் காட்ட வேண்டாம்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, காரைக்காலில் ஒரு முதலாளியிடம் மீன் லாரி ஓட்டினார். பட்டினச்சேரியில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றினால் கேரளாவில் போய்த்தான் இறக்குவார். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வண்டி எங்கள் தெருமுனைக்கு வரும்போதே மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டு வரும். பின்னாலேயே நாலைந்து பூனைகளும் வரும். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மீன்லாரி' என்றே பேர் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறு ஒன்றில். லாரியின் முகப்பில், கண்ணாடிக்கு மேலே உள்ள பலகையில், முதலாளியின் இரண்டு மகள்கள் பேரும் சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கும். லாரிக்காரர் வழக்கம் அப்படி. வண்டி யாருடையதோ அவர் வீட்டுப் பிள்ளைகள் பேர்தான் முகப்பில் இருக்கும். ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அந்த இரண்டு பெண்களையும் நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவர்கள் மேல் எனக்குத் தீராத பகை.

வருஷத்துக்கு ஒரு முறை வண்டியை எஃப்.சி.க்கு விடுவார்கள். வண்டி ஓடத் தகுதியானது என்று அரசாங்கச் சீட்டு வாங்குவதற்குப் பேர்தான் அது. அதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் வண்டி ஷெட்டில் நிற்கும். துரு சுரண்டி, பட்டி பார்த்து, புது பெயிண்ட் அடித்து, கடைசி வேலையாக முகப்பில் பேர் எழுதுவார்கள். அப்பா சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பதே அந்த நாட்களில்தான். அந்த வருஷம் ஷெட்டுக்கு விட்ட அன்றைக்கே முதலாளி அப்பாவிடம் ஒரு பேச்சுப் போட்டார். அவர் புது லாரி ஒன்று எடுக்கிறார். பழையதை வெளியே விற்க மனசில்லை. இத்தனை வருஷம் ஓட்டிய கைக்கே கொடுத்துவிடலாம், ஓட்டி ஓட்டி அடைத்தால் போதும். வேண்டாம் என்றாலும் பாதகமில்லை, புது வண்டிக்கு அப்பாவே டிரைவர்.

"அவசரமில்லப்பா. முகப்புல பேர் எழுதற அன்னிக்குள்ள சொல்லு" என்றாராம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்துவிடுவார். ஐஸ் பிளாண்டில் கட்டி உடைக்கிற வேலை அவருக்கு. சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள்தான், அதையும் அப்பாதான் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"எத்தன காலத்துக்கு மச்சான் அடுத்தவன் வண்டிக்கு ஆரன் அடிச்சிட்டு இருப்பீங்க? ஒரு தடவ சொந்த ஆரன அடிச்சுப் பாருங்க. சத்தமே வேற மாதிரி இருக்கும்."

"ஆரன் எல்லாம் ஒரே சத்தம்தான்டா" என்பார் அப்பா. "பாலக்காட்டுக்கிட்ட வண்டி படுத்துச்சுன்னு வச்சுக்க. இப்போன்னா கம்பெனிக்கு ஒரு போனப் போட்டுட்டு வண்டிக்கு அடியில படுத்துத் தூங்கிருவேன். சொந்த வண்டின்னா யாருக்குடா போனப் போடுறது? உனக்கா?"

"எனக்குப் போடுங்க, வர்றேன்."

"சைக்கிள்லயா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிடும். எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது, கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பர்மிட், வரி, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் இதுவரை கம்பெனி ஆள் அலைந்தான். இனிமேல் அப்பாவே அலைய வேண்டும், லோடும் அவரே பிடிக்க வேண்டும். இதையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்பார். அப்பாவுக்குப் பாதிக்குத்தான் பதில் தெரியும். இன்னொரு பக்கம், போ என்றால் போகவும் வா என்றால் வரவும் வேண்டிய பிழைப்பு. என் தங்கை, உங்கள் அத்தை, பிறந்த அன்றைக்கு அப்பா கொச்சியில் இருந்தார். அதையும் அம்மாவேதான் சொல்லுவார். அம்மா எந்தக் கட்சி என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

பேர் எழுதுவதற்கு முதல் நாள் ஒரு ஆள் ஓடி வந்தார். இன்னொரு லாரி டிரைவருக்குக் காய்ச்சல், மீன் ஏற்றியாகிவிட்டது, ஐஸ் கரைகிறது, அப்பா வந்துதான் ஓட்ட வேண்டும் என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே கிளம்பினார். அம்மா குழாயடியில் இருந்தார். வாசலில் செருப்பு போடும்போது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கிப் பள்ளிக்கூடம் விட்டதும் ஷெட்டுக்குப் போ. பழைய பேரையே எழுதச் சொல்லிட்டேன்னு பெயிண்டர்கிட்ட சொல்லிரு. மறந்துராத."

அவ்வளவுதான். முதலாளியிடம் நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. முதலாளி தன் மகள்கள் பேரே முகப்பில் இருப்பதைப் பார்த்தால் தானாகப் புரிந்துகொள்வார், யாருக்கும் சங்கடமில்லை என்று நினைத்திருக்கிறார். அந்தப் பதிலை என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். லாரி பச்சையும் மஞ்சளுமாகப் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. முகப்புப் பலகை மட்டும் வெள்ளையாக வெறுமனே இருந்தது. பெயிண்டர் சாரத்தில் ஏறி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மீன்லாரி, அப்பா என்ன சொன்னாரு? யாரு பேர எழுதறது?"

ஷெட்டுக்குப் போகும் வழியெல்லாம் சரியாகச் சொல்லத்தான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் என் பேர் வாயில் வந்துவிட்டது.

"அப்டிப் போடு! உங்கப்பனுக்குத் துணிச்சல் வந்துருச்சுடா" என்று பெயிண்டர் பீடியை எறிந்தார். "தங்கச்சி பேரு?"

"அது சின்னப் புள்ளண்ணே. அதுக்கு வேணாம்."

"அடப்பாவி, பொம்பளப் புள்ள பேர உட்டா லோடு கெடைக்காதுடா. சொல்லு." சொன்னேன். என் பேருக்குப் பக்கத்தில் அதே அளவில் எழுதினார். பொய் சொன்ன பயத்தைவிட, அதே அளவில் எழுதிவிட்டாரே என்ற வருத்தம்தான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்று மாலையே முதலாளி ஷெட்டுக்குப் போய்ப் பேரைப் பார்த்துவிட்டார். மறுநாள் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் பதில் கிடைத்துவிட்டதென்றும், புது வண்டிக்கு மண்டபத்தூர் ஆள் ஒருவரை டிரைவராகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அம்மா "அப்படியா முதலாளி" என்று மட்டும் சொன்னார். ஆப்பிளை அலமாரியில் எடுத்து வைத்தார். தங்கை எவ்வளவு அழுதும், "அப்பா வரட்டும்" என்று நறுக்கவே இல்லை.

நாலாம் நாள் காலையில் அப்பா வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, குளிக்காமல்கூட ஷெட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். அங்கே முதலாளி இருந்தார். சேதி தெரிந்து மாமாவும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா லாரிக்கு முன்னால் நின்று முகப்பை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பிதான் வந்து சொல்லிச்சு" என்றார் பெயிண்டர்.

அப்பா திரும்பினார். "என்னடா சொன்ன?"

"நீங்க சொன்னதத்தாம்ப்பா சொன்னேன்."

அப்பா என்னை விட்டு லாரிப் பக்கம் போனார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். பின்பக்கம் அவர் மறைந்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

"என்னப்பா, எழுத்து கோணலா இருக்கா?" என்றார் முதலாளி. "புடிக்கலன்னா சொல்லு. பெயிண்ட் இன்னும் முழுசா இறுகல, தின்னர் போட்டு ஒரு தொட தொடச்சா போச்சு."

"இல்ல முதலாளி. நல்லாத்தான் இருக்கு. நான்தான் சொல்லி உட்டேன்."

மாமா கையைத் தட்டி விசிலடித்தார். அப்பாவுக்கு உள்ளூர ஆசை இருந்திருக்கிறது, வெளியே சொல்லத்தான் கூச்சப்பட்டிருக்கிறார், நான் உதவி செய்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த லாரியால் நாங்கள் நொடித்துப் போகவில்லை, கொழிக்கவும் இல்லை. லோடு இல்லாமல் வாரக்கணக்கில் தெருமுனையில் நின்ற நாட்கள் உண்டு. உங்கள் அத்தை வயதுக்கு வந்தபோது, போகிற லோடு போகட்டும் என்று அப்பா பத்து நாள் வீட்டிலேயே இருந்ததும் உண்டு. பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முறை கியர்பாக்ஸ் போய், மூன்று நாள் மழையில் வண்டியோடு கிடந்துவிட்டு வந்தார். வந்ததும் சாப்பிட்டுவிட்டு என் பள்ளிக்கூட நோட்டுகளைப் பார்த்தார். அன்றைக்கும் பழைய பேச்சை எடுக்கவில்லை. இன்றுவரை எடுத்ததில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் தாத்தாவிடம் போய்க் கேட்கக் கூடாது.

நானும் ஒரு பிள்ளைக்கு அப்பாவான பிறகுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. தின்னர் போட்டு ஒரு துடை துடைத்திருக்கலாம். அவருக்கு வேண்டிய டிரைவர் வேலை அவருக்கே மிஞ்சியிருக்கும். மண்டபத்தூர் ஆளுக்கு முதலாளி வேறு ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் மூன்று பெரியவர்கள் முன்னால் நான் பொய்யனாக நின்றிருப்பேன். லாரியைச் சுற்றி வந்த அந்த ஒரு நிமிஷத்தில் அவர் எதை எடைபோட்டார் என்று நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. என் வரைக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்த வருஷம் எஃப்.சி. முடிந்து முதல் லோடுக்குக் கிளம்பிய காலை. முதலாளியே வந்து கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து ஆரன் அடித்தார். மாமா "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்று எல்லோரையும் பார்த்துக் கத்தினார். எனக்கு அது பழைய சத்தமாகத்தான் கேட்டது. வண்டி நகர்ந்து தெரு திரும்பியது. எல்லோரும் காப்பி குடிக்க உள்ளே போனார்கள்.

நான் மட்டும் நின்றேன். மூன்று பழம் நசுங்கிக் கிடந்தது. நாலாவது, வலது பின்சக்கரத்துக்கு வைத்தது, வழுக்கிக்கொண்டு சாக்கடை ஓரம் உருண்டு போய் முழுசாகக் கிடந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இந்த விஷயத்தில் சரிசெய்ய வேண்டிய தப்பு இது ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதைச் சக்கரம் போன தடத்தில் கொண்டுவந்து வைத்து, குதிகாலால் ஓங்கி மிதித்து நசுக்கினேன்.