இழுக்காத சுருட்டும் தவசிலிங்கம் அண்ணாச்சியும்

கடம்பூரில் ஒரு போளிக் கடையின் அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் தவசிலிங்கம் அண்ணாச்சி வீட்டு மதினியின் பெயர். கையெல்லாம் கரியாக இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு எடுக்காமல் நின்றேன். இரண்டு மாதமாகவே அந்தப் பெயரைப் பார்த்தால் நான் உடனே எடுப்பதில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தபோது எடுத்தேன்.

“தம்பி, அவிய போயிட்டாவ” என்றார் மதினி. அழுகை இல்லை. “காப்பி கேட்டாவ. கொண்டுட்டு வாரதுக்குள்ள போயிட்டாவ.”

மார்க்கெட் பக்கம் சுருட்டும் மூக்குப்பொடியும் வெற்றிலையும் விற்ற தவசிலிங்கம் அண்ணாச்சியைக் கோவில்பட்டியில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நறுக்கிய மீசை, மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, யாரையும் ஒருமையில் அதட்டாத பேச்சு. அடுத்த கடை என்னுடையது. நான் கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவன். பதினெட்டு வருடம் எங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு கம்பி. பர்னர் துளையில் அடைத்த அழுக்கைக் குத்தி எடுக்க நான் வைத்திருக்கும் மெல்லிய கம்பி. நான் கடை போட்ட முதல் மாதமே அண்ணாச்சி வந்து அதைக் கேட்டார்.

அவர் விற்றது கையால் சுற்றிய சுருட்டு. சுற்றுகிறவர் கை கொஞ்சம் இறுகிவிட்டால் நடுவில் கட்டி விழுந்துவிடும். கன்னம் ஒட்ட இழுத்தாலும் புகை வராது. ஐப்பசி மழையில் இலை ஈரம் குடித்து ஊதிக்கொண்டால் கட்டு முழுவதுமே அப்படித்தான். அண்ணாச்சி சுருட்டை இரு விரல்களுக்கு நடுவே உருட்டி, கட்டி தட்டுப்படும் இடத்தைக் கண்டுபிடிப்பார். பிறகு வாய் வைக்கும் முனை வழியாக என் கம்பியை மெல்ல இறக்குவார்.

“குத்தப்படாது முருகேசு. குத்துனா மேலிலை கிழிஞ்சிரும். திருகிக்கிட்டே போவணும். அதுவே வழி விடும்” என்பார்.

ஈரமான சுருட்டுக் கட்டை வெயிலில் காட்ட மாட்டார். பச்சரிசி போட்ட தகர டின்னில் இரண்டு நாள் மூடி வைப்பார். அப்படியும் இழுக்கவில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் வாதாட மாட்டார். வாங்கி, முனையைப் புதிதாக நறுக்கி, தானே பற்றவைத்துப் பார்ப்பார். குறை இருந்தால் வேறு கொடுப்பார்.

நாலைந்து வருடத்துக்கு முன்பு எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். உளுந்து போட்டிருப்பவர், அறுபது வயது இருக்கும். ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாகச் சுருட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி வழக்கம்போல் பற்றவைத்தார். புகை தாராளமாக வந்தது. இன்னொரு முறை இழுத்தார். அதற்குள் அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டதை நான் பார்த்தேன்.

“ஐயா, சுருட்டுல ஒரு கொறையும் இல்ல. உங்க நெஞ்சத்தான் பாக்கணும்” என்றார்.

“யாவாரம் பண்ண வந்தியா, வைத்தியம் பண்ண வந்தியா?” என்று விவசாயி சத்தம் போட்டார்.

அண்ணாச்சி கடைக்கு மதினியை வரவழைத்து உட்காரவைத்துவிட்டு, அந்த மனிதரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த அண்ணாச்சி நேராக என் கடைக்கு வந்தார். “நல்லா இழுக்குத சுருட்ட அந்த மனுசன் இழுக்கலங்காரு முருகேசு. எனக்கு ஈரக்கொல பதறிட்டு” என்றார்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், அண்ணாச்சி என் கடைக்கு வந்தார்.

“அந்தக் கம்பியக் குடு. எளவு, இழுக்கவே மாட்டேங்கு.”

மழைக்காலம்தானே என்று கொடுத்தேன். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். சுருட்டுக் கட்டை மாற்றினார். சரக்குப் போடுகிறவரைத் திட்டினார். வேறு ஊர்ச் சுருட்டு வரவழைத்தார். பச்சரிசி டின்னும் மூடித் திறந்தபடி இருந்தது. பிறகு ஒருநாள், பற்றவைத்த சுருட்டை என்னிடம் நீட்டினார்.

“நீ இழுத்துப் பாரு.”

எனக்குச் சுருட்டுப் பழக்கம் கிடையாது. ஆனாலும் வாங்கி இழுத்தேன். வாய் நிறையப் புகை வந்தது. ஒரு தடங்கலும் இல்லை.

அந்த நொடியில் எனக்கு உண்டான பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா அண்ணாச்சி, இறுக்கமாத்தான் இருக்கு” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான் சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் இருமுவதை எண்ண ஆரம்பித்தேன். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று, ரயில் வருகிறதா என்று பார்ப்பவர்போல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ரயில் ஒன்றும் வராது. நானும் அவர் பக்கத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்ப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொண்டு கடையைத் திறப்பேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்வேன். இப்படியே பதினொரு நாள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் அவர் படியேற முடியாமல் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அருகில் போய்க் குந்தினேன்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். சுருட்டு நல்லாத்தான் இழுத்துச்சு.”

“தெரியும்டே” என்றார். “பொகை உன் மூக்கு வழியா வந்துச்சே, நான் பாக்கலியா?”

“பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?”

“பயந்தான். ஊருக்கெல்லாம் நெஞ்சப் பாரு, நெஞ்சப் பாருன்னு சொன்னவன் நான். எனக்குன்னு வந்ததும் சுருட்டு மேல பழியப் போட்டுட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீயும் பயந்துட்டேன்னு தெரிஞ்சப்ப, தனியா இல்லன்னு இருந்துச்சு.”

மறுநாள் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். நுரையீரலில் கட்டி. அண்ணாச்சியையும் மதினியையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். “பன்னெண்டு நாள் முன்னால வந்திருந்தா?” அவர் எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “இது மாசக்கணக்குல வளந்தது. பன்னெண்டு நாள்ல பெருசா ஒண்ணும் மாறியிருக்காது” என்றார். பெருசா என்ற அந்த ஒரு சொல் என்னை இன்றைக்கும் விடவில்லை. அண்ணாச்சியிடம் அதைச் சொன்னபோது கோபப்பட்டார். “அந்தக் கணக்க நீ போடாத. நாப்பது வருசம் பத்தவச்சவன் நான்” என்றார். கடையைச் சாத்தச் சொன்னார். இருந்த சுருட்டையெல்லாம் சரக்குப் போட்டவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் கடைசியாகப் பார்த்தேன். காலை பத்து மணி. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி உட்காரவைத்திருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். எனக்கு உள்ளே போகவே கால் வரவில்லை. வாசலில் நின்றவனை அவர்தான் கையசைத்துக் கூப்பிட்டார்.

“பயப்படாதீங்க அண்ணாச்சி” என்றேன்.

“பயமாத்தான் இருக்கு” என்றார். “அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. நீ இங்கன இரி.”

இருந்தேன். என் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பிடி இறுகித் தளர்ந்தது. தளரும்போதெல்லாம் அடுத்தது இறுகுமா என்று காத்திருந்தேன். ஜன்னல் வழியே வெயில் அவர் காலடிக்கு வந்து சேர்ந்தபோது உறங்கிப்போனார். உறக்கத்திலும் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

அண்ணாச்சி, இனி உங்களுக்கு ஒரு மூச்சுக்காக எழுந்து உட்கார வேண்டியதில்லை. பயமெல்லாம் எங்களிடம் இருக்கட்டும். நீங்கள் நன்றாகக் காலை நீட்டிப் படுத்து உறங்குங்கள்.