வலது கால்

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று எங்கள் சின்னக்கானல் எஸ்டேட் கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். இயேசு சீடர்களுக்குச் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில், அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். கழுவித் துடைத்து முத்தமிடுவது வலது காலை மட்டும்; அந்த முத்தத்தை இங்கே ‘முத்தி’ என்போம். ஃபாக்டரி ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நான் இதில் குறை காணவில்லை. அழுக்குக் காலோடு வந்தால் பூசை தாமதமாகும்.

சமீபத்தில் பெண்களையும் சேர்த்தார்கள். இந்த வருடம் என் மனைவி பெயர் கொடுத்தாள். அவளுக்கு வலது பாதத்தில் ஆறாத சர்க்கரைப் புண். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடியட்டும் என்று இவள் கெஞ்சித் தவணை வாங்கியிருந்தாள்.

“போறதுக்கு முந்தி அந்தக் காலை ஒருக்கா சாமியார் கையில குடுத்துரணுங்க” என்றாள். “இந்த மலையெல்லாம் ஏறி எறங்குன காலு.”

சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியார் வீட்டுக்கே வந்துவிட்டார். “சார், அக்கா எடது காலை நீட்டட்டும். சாமியார் முத்தி செய்யணும்ல?”

“முத்தி செய்யணும்னு சட்டம் இல்ல. வலதா எடதான்னும் சட்டம் இல்ல. இங்க வழக்கம் வலது. வழக்கத்த மாத்தணும்னா பங்குப் பேரவையக் கூட்டுங்க.”

“உங்ககிட்டப் பேசி ஜெயிக்க ஆண்டவரே எறங்கி வரணும்.”

“வரட்டுமே” என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அவரு புண்ணப் பாத்து ஒதுங்குற ஆளில்ல.”

வியாழன் மாலை அவள் புண்ணின் துணிக்கட்டைத் தானே அவிழ்த்துவிட்டுக் காலை நீட்டினாள். வாடை எழுந்தது. இருபுறமும் இருந்தவர்கள் மிகுந்த பக்தியோடு பீடத்தையே பார்த்தார்கள். புதிதாக வந்த இளம் சாமியார் அவள் முன் மண்டியிட்டார். புண்ணைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு இடது காலை மெதுவாக எடுத்து, செருப்பைக் கழற்றி, கழுவி, துடைத்து, முத்தி செய்தார். மரியாதைக்குக் குறைவில்லை. சட்டப்படியும் தவறில்லை, அப்படியொரு சட்டமே கிடையாது என்று சொன்னவன் நான்தானே.

வீடு திரும்பும்போது ஜீப்பில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “நோவு இல்லாத காலைக் கழுவிட்டாருங்க.”

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் காலை எடுத்தார்கள். நீங்கள் கொண்டுபோகிறீர்களா, நாங்களே அப்புறப்படுத்தட்டுமா என்று ஆசுபத்திரியில் கேட்டார்கள். கொண்டுபோகிறேன் என்றேன். மகளை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, துணியில் சுற்றிய காலைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். போடிமெட்டில் கேரளச் செக்போஸ்ட்காரர் ஒருவர் பையைத் தொட்டு, “இதெந்தா சாரே?” என்றார். சொன்னேன். கையை எடுத்துக்கொண்டு குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் சின்னக் குழி வெட்டி வைத்திருந்தார். ஜெபப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இறந்தவர்களுக்கு இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனியாக இருக்கிறது, காலுக்கு இல்லை.

“எதைப் படிக்க, சார்?”

ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். மண்ணில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து, மடியில் வைத்துக் கழுவினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. விரலிடுக்குகளிலும் தண்ணீர் விட்டேன். என் துண்டால் துடைத்து, அதிலேயே சுற்றிக் குழியில் வைத்தேன். உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பரலோக மந்திரம் சொன்னார்.

மறுநாள் ஆசுபத்திரிக்குப் போனதும் அவள் கேட்டாள்.

“கழுவுனீங்களா?”

“கழுவுனேன்.”

“முத்தி?”

நான் சன்னல் பக்கம் பார்த்தேன்.

அவள் போர்வையை இழுத்து, கால் இருந்த இடத்தை மூடினாள். “சரி, விடுங்க” என்றாள். “சாமியாராலேயே முடியல.”